பின்னேரப் படத்தில் நிறம் ஏன் வெளிறுகிறது? காலிமுகத்திடல், பேர வாவிப் பக்கம் எடுப்பதற்கான எக்ஸ்போஷர்

கொழும்பு மூன்று · இரவு 8.05

வணக்கம். பின்னேரப் படங்களில் நிறம் நிற்பதில்லை, வழி சொல்லுங்கள். தாமரைக் கோபுரத்தின் ஊதா விளக்கு வெள்ளையாக விழுகிறது, பின்னால் வானம் சாம்பலடித்துக் கிடக்கிறது. காலிமுகத்திடலில் சூரியன் இறங்கும்போது கண்ணுக்குத் தெரிகிற செம்மஞ்சள், படத்தில் வெளிறிய மஞ்சளாகிவிடுகிறது. கமரா கிறொப் சென்சர், 18–55 லென்ஸ். அபேச்சர் மோட், எஃப் 4, ஓட்டோ ஐஎஸ்ஓ, ஓட்டோ வைட் பலன்ஸ், ஜேபெக். கையில் பிடித்துத்தான் எடுப்பது. செச்சுரேஷனைக் கூட்டினால் விளக்கைச் சுற்றி அசிங்கமான வளையம் வருகிறது. வேறு லென்ஸ் வாங்க வேண்டுமா?

ஒளிமானி · இரவு 8.31

லென்ஸ் வாங்க வேண்டாம் தம்பி. இருட்டைக் கண்டதும் உங்கள் கமரா வெளிச்சத்தைக் கூட்டுகிறது, அவ்வளவுதான் நடப்பது. வெளிச்சத்தை அளக்கும் மீற்றருக்குக் கோபுரமும் தெரியாது, வானமும் தெரியாது. படத்தில் முக்கால்வாசி இருட்டாக இருந்தால் அந்த இருட்டை நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். வானம் சாம்பலடிப்பது அதனால். அதே கூட்டலில் விளக்கு சென்சரின் கொள்ளளவைத் தாண்டி வழிந்துவிடுகிறது.

சென்சருக்கு நிறம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் இடையிலுள்ள வித்தியாசம். ஒரு சிவப்பு விளக்குப் பலகையை எடுங்கள். ஜேபெக்கில் சிவப்பு 230, பச்சை 50, நீலம் 40 என்று விழுந்தால் அது நல்ல சிவப்பு. எக்ஸ்போஷரைக் கூட்டினால், அதாவது கூட வெளிச்சம் விட்டால், சிவப்பு ஆகக் கூடிய அளவான 255 இல் முட்டி நின்றுவிடும். பச்சையும் நீலமும் மட்டும் ஏறிக்கொண்டே போகும். சிவப்பு செம்மஞ்சளாகும், பிறகு மஞ்சளாகும், மூன்றும் 255 ஆனதும் வெள்ளை. செச்சுரேஷன் பெருக்குவது அந்த வித்தியாசத்தை. விளக்கின் நடுவில் பெருக்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லை, விளிம்பில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. நீங்கள் சொல்லும் வளையம் அங்கிருந்துதான் வருகிறது.

ஆகவே எக்ஸ்போஷரை விளக்குக்கு வையுங்கள், வானத்துக்கு நேரத்தைத் தெரிவு செய்யுங்கள். விளக்கின் பிரகாசம் ஆறரைக்கும் ஒன்பதுக்கும் ஒன்றுதான். மாறிக்கொண்டிருப்பது வானம். இரண்டும் ஒரே அளவுக்கு வரும் சில நிமிடங்கள் இருக்கின்றன, அதில் எடுத்தால் ஒன்றை இழந்து மற்றதைக் காப்பாற்ற வேண்டிய தேவையே வராது.

வெள்ளவத்தை அலை · இரவு 8.44

அந்தச் சில நிமிஷம் கொழும்பில மிகவும் குறைவு எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. நாங்கள் இருக்கிறது வடக்கு அகலாங்கு 7 பாகைக்குக் கிட்ட. சூரியன் சாய்வாக இறங்காது, கிட்டத்தட்ட நேர் கீழே விழும். ஐரோப்பாக்காரர் எழுதுகிற பாடங்களில வானம் கருநீலமாக நிக்கிற நீல நேரம் முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் எண்டு இருக்கும். அதை நம்பிப் போனால் ட்ரைபொட்டை விரிக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும். இங்க சூரியன் மறைஞ்சு 21 முதல் 23 நிமிஷத்தில சிவில் அந்தி, அதாவது விளக்கில்லாமலே பார்க்கக்கூடிய வெளிச்சம், முடியுது. விளக்கும் வானமும் ஒத்துப்போற நேரம் அதின்ர கடைசிப் பகுதியும் அதுக்குப் பிறகு ஒரு ஐந்து நிமிஷமும்தான்.

சூரியன் மறையிற நேரமும் வருஷத்துக்குள்ள நாற்பது நிமிஷம் அளவுக்கு ஆடும். நவம்பர் நடுவில 5.50 அளவில், ஜூலையில 6.30 அளவில். நீங்கள் ஆறரையிலிருந்து கணக்குப் பார்த்து எழுதியிருக்கிறியள். ஜூலையில அது சரியான நேரம். நவம்பரில ஆறரைக்குப் போனால் வானத்தில எடுக்க ஒண்டுமில்லை.

ஒளிமானி · இரவு 9.02

அக்கா சொன்னது முக்கியம். அந்த 21 நிமிடத்தில் வெளிச்சம் ஏறத்தாழ ஏழு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) இறங்குகிறது, சராசரியாக மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப். அதாவது மூன்று நிமிடத்துக்கொருமுறை ஷட்டர் நேரம் இரட்டிக்க வேண்டும். ஒரு செட்டிங்கை வைத்து அப்படியே சுட்டுக்கொண்டிருக்க முடியாது.

ட்ரைபொட்டில், ஐஎஸ்ஓ 100, எஃப் 8, மெனுவல் மோட், தெளிந்த மேற்கு வானம் என்று வைத்தால் தொடக்கப் புள்ளிகள் இவை. சூரியன் கடலைத் தொடும்போது 1/60 செக்கன். மறைந்த உடனே 1/15. பத்து நிமிடத்தில் 1/4. பதினைந்தாவது நிமிடம் 1 செக்கன். இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் 2 முதல் 4. அதற்குப் பிறகு 8 செக்கன், அத்தோடு வானம் கறுப்பு. முகில் தடித்திருந்தால் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். கிழக்கு வானம் மேற்கை விட முந்தி இருட்டும். வாவியின் மேற்குக் கரையில் நின்று கோபுரத்தைப் பார்த்து எடுப்பவருக்குப் பின்னால் சூரியன் மறைகிறது. அவருக்குச் சமநிலை பத்தாவது நிமிடத்திலேயே தொடங்கிவிடும். காலிமுகத்திடலில் கடலைப் பார்த்து நிற்பவர் இன்னும் பத்து நிமிடம் பொறுக்கலாம்.

மெனுவலில் எடுக்கும்போது ஓட்டோ ஐஎஸ்ஓவை நிறுத்த மறக்காதீர்கள். நிறுத்தாவிட்டால் நீங்கள் ஷட்டரைக் குறைக்கக் குறைக்கக் கமரா ஐஎஸ்ஓவைக் கூட்டி எல்லாவற்றையும் பழையபடி சாம்பலாக்கும். மெனுவலில் போட்டும் சரிவரவில்லை என்று வருகிற முறைப்பாட்டில் பாதிக்குக் காரணம் இதுதான்.

நிழல்வரி · இரவு 9.20

இவ்வளவு கணக்கு எதற்கு? எக்ஸ்போஷர் கொம்பன்சேஷனை −1 இல் வைத்துவிட்டால் பின்னேர நிறம் தானாக ஆழமாகும். காலங்காலமாக எல்லோரும் செய்வது அதுதானே. ஸ்லைட் பிலிம் காலத்திலிருந்தே குறைத்து எடுப்பதுதான் நிறத்துக்கு வழி.

கொழும்பு-11 · இரவு 9.37

நிழல்வரி, சூரியன் இறங்கும்போது −1 பெரும்பாலும் சரி. வானம் படத்தை நிறைத்திருக்கும், முன்னால் நிழலுருவம் மட்டும்தான். ஆனால் −1 என்பது மீற்றர் சொன்னதிலிருந்து ஒன்று குறைவு. மீற்றர் சொல்வதே ஒவ்வொரு சட்டத்துக்கும் மாறும்போது அதிலிருந்து ஒன்று குறைத்து என்ன பயன்? கோபுரம் படத்தில் சின்னதாக, சுற்றிவர இருட்டு என்றால் மீற்றர் மூன்று ஸ்டாப் கூட எடுத்திருக்கும், −1 போட்டும் இரண்டு ஸ்டாப் வழியும். வெள்ளை நகர மண்டபம் வெளிச்சத்தில் படத்தை நிறைத்தால் மீற்றரே குறைத்துத்தான் தரும். அங்கே இன்னும் −1 போட்டால் மண்டபம் அழுக்குச் சாம்பல்.

குறைத்து எடுப்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. இருட்டான பகுதியில் நிறம் சென்சரின் இரைச்சலுக்குள் மூழ்கிப்போகும். பிறகு கணினியில் தூக்கினால் ஊதாவும் பச்சையுமாகப் பொட்டுப் பொட்டாக வரும். வாவித் தண்ணீரில் விழும் பிம்பம், வாவிக்குள் இருக்கும் சீமா மாலகை விகாரைக் கூரையின் நீலம் எல்லாம் அந்த இருட்டுப் பகுதியில்தான் இருக்கின்றன. விளக்கு முட்டாத எல்லை வரைக்கும் எக்ஸ்போஷரைக் கூட்டி எடுப்பதே சரி. அதற்குக் குறைவாகவும் வேண்டாம், கூடவும் வேண்டாம்.

அந்த எல்லையைக் காண வெள்ளை நிற ஹிஸ்டோகிராமை (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தை) நம்பாதீர்கள். அது வெளிச்ச ஹிஸ்டோகிராம். பச்சைக்கு ஆகக் கூடிய பங்கு, சிவப்புக்கு அதில் பாதி, நீலத்துக்கு மிகக் குறைவு. கோபுரத்தின் ஊதா என்பது நீலமும் சிவப்பும். இரண்டும் 255 இல் முட்டிக் கிடக்கும்போது அந்த வெள்ளை வரைபடம் எல்லாம் சரி என்று காட்டும். மெனுவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம் இருக்கும், அதைப் போடுங்கள். மூன்று மேடும் வலது சுவரைத் தொடாமல் இருக்க வேண்டும். புள்ளி போன்ற தெருவிளக்குகளின் நடு முட்டட்டும், அதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் தேவையில்லை. நிறமுள்ள பரப்பு முட்டக்கூடாது.

இன்னொன்று: கமரா பதப்படுத்தாத றோ கோப்பாக எடுத்தாலும் கமரா காட்டும் ஹிஸ்டோகிராம் உள்ளே இருக்கும் ஜேபெக்கிலிருந்து வருவது. பிக்சர் ஸ்டைல் விவிட் என்று இருந்தால் முட்டாததையும் முட்டியதாகக் காட்டும். நியூட்ரலில் வையுங்கள். பார்க்கும்போது சப்பென்று இருக்கும், ஆனால் கணக்கு சரியாக இருக்கும்.

கொழும்பு மூன்று · இரவு 9.50

அண்ணாமார், நன்றி. றோவுக்கு மாற்றுகிறேன். வைட் பலன்ஸ் றோவில் எப்படியும் மாற்றலாம்தானே, ஓட்டோவிலேயே விடலாமா?

வெள்ளவத்தை அலை · இரவு 10.04

மாற்றலாம், ஆனால் ஓட்டோவில விடாதேங்கோ. ஓட்டோ வைட் பலன்ஸின்ர வேலையே நிறச்சாய்வை எடுத்துப்போடுறது. நீங்கள் எடுக்கப் போனதே அந்தச் சாய்வைத்தான். செம்மஞ்சள் வெளிறிய மஞ்சளாகிறதுக்குப் பாதிக் காரணம் அது. ஒவ்வொரு படத்துக்கும் அது வேற வேற முடிவு எடுக்கும், பிறகு பத்துப் படத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சால் ஒவ்வொண்டும் ஒவ்வொரு நிறம். ஹிஸ்டோகிராமும் வைட் பலன்ஸோட சேர்ந்து நகரும், அதால எல்லை எதிலயெண்டு பார்க்க ஏலாது.

சூரியன் இறங்கும் மட்டும் டேலைட், அதாவது 5200 முதல் 5500 கெல்வின். இன்னும் சூடு வேணுமெண்டால் ஷேட், 7000 அளவு. மறைஞ்சு பத்து நிமிஷத்துக்குப் பிறகு 4000 முதல் 4500 க்கு இறக்குங்கோ. வானம் நீலமாக நிக்கும், தெருவிளக்கின்ர மஞ்சளும் அளவாக இருக்கும். 3200 டங்ஸ்டனில வைச்சால் வானம் மை ஊத்தின மாதிரி வரும், எனக்கு அது பிடிக்காது. பார்க்க அழகு எண்டாலும் கொழும்பு வானம் அப்படி இல்லை.

பழைய மஞ்சள் சோடியம் விளக்கு நிக்கிற ஒழுங்கைகளில ஒரு சிக்கல் இருக்கு. அந்த விளக்கின்ர ஒளி மஞ்சளைச் சுற்றித்தான் குவிஞ்சிருக்கும், நீலம் மிகக் குறைவு. நீல மதிலும் பச்சைக் கதவும் அதுக்குக் கீழ ஒரே மண் நிறமாகத்தான் தெரியும். வைட் பலன்ஸை எங்க இழுத்தாலும் வராது, ஏனெண்டால் திருப்பி வர அந்த ஒளியே விழேல்லை. எல்இடி போட்ட தெருவில நிண்டு எடுங்கோ, அல்லது வானத்தின்ர வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துடுங்கோ.

கொழும்பு-11 · இரவு 10.22

விளம்பரத் திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், பல விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். 1/250, 1/500 என்று வேகமாக எடுத்தால் ஒரு படம் பிரகாசம், அடுத்தது மங்கல், நிறமும் மாறும். 1/100 அல்லது 1/50 வையுங்கள், ஒரு முழு மினுங்கல் உள்ளே வந்துவிடும். பெரிய எல்இடித் திரைகளின் மினுங்கல் வேகம் வேறு, இந்தக் கணக்குக்கு அடங்காது. அவற்றில் குறுக்குக் கோடுகள் விழுந்தால் இலத்திரனியல் ஷட்டரை நிறுத்தி மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, 1/30 அல்லது அதற்கும் மெதுவாகப் போங்கள். சத்தமில்லாமல் எடுக்கும் சைலன்ட் மோட் என்பது பல கமராக்களில் இலத்திரனியல் ஷட்டர்தான், அது தெரியாமலே பலர் போட்டு வைத்திருப்பார்கள்.

புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலை எடுப்பவர்களுக்கு: அந்தச் சிவப்பும் வெள்ளையும் கோடு கோடாக நெருக்கமாக இருக்கிறது. வெள்ளைக்கு அளந்தால் சிவப்பு இருண்டு போகும், சிவப்புக்கு அளந்தால் வெள்ளை வழியும். சூரியன் மறைந்த பிறகு, நேரடி வெளிச்சம் இல்லாத ஐந்து பத்து நிமிடத்தில் இரண்டுக்கும் இடைவெளி குறைவு. தெரு ஒடுக்கம், நாட்டாமிமார் வண்டில் இழுக்கிற இடம், ட்ரைபொட் விரிக்காதீர்கள். ஐஎஸ்ஓ 800, எஃப் 4, 1/60 தொடங்கிப் பாருங்கள்.

நிழல்வரி · இரவு 10.35

ஹிஸ்டோகிராம் விஷயம் ஏற்றுக்கொள்கிறேன். வெளிச்ச வரைபடத்தை மட்டும் பார்த்தால் ஊதாவும் நீலமும் முட்டுவது தெரிய வாய்ப்பில்லை என்பது சரியே. ஆனால் கேட்டவர் கையில் பிடித்து எடுப்பவர். எஃப் 8, 4 செக்கன் என்று சொன்னால் அவருக்கு எப்படி உதவும்?

ஒளிமானி · இரவு 10.58

நியாயமான கேள்வி. கையில் என்றால் 18 மில்லிமீற்றரில் எஃப் 3.5, ஐஎஸ்ஓ 800, லென்ஸில் ஸ்டெபிலைசர் இருந்தால் 1/15. மறைந்து பதினெட்டாவது நிமிடம் அளவுக்கு இது போதும். முழங்கையைச் சுவரிலோ கைப்பிடிக் கம்பியிலோ ஊன்றி, தொடர் ஷொட்டில் நான்கு ஐந்து எடுங்கள். நடுவில் ஒன்று பெரும்பாலும் கூர்மையாக இருக்கும், ஏனென்றால் முதல் படத்தில் விரல் அழுத்தும் ஆட்டம் சேரும். ஐஎஸ்ஓ ஒவ்வொரு இரட்டிப்புக்கும் ஒளி வீச்சில் ஒரு ஸ்டாப் அளவு போகும். 1600 இல் விளக்கையும் நிழலையும் ஒன்றாகப் பிடிப்பது கடினம், அதைத் தெரிந்துகொண்டு கூட்டுங்கள்.

ட்ரைபொட் கிடைத்தால் ஸ்டெபிலைசரை நிறுத்துங்கள், பல லென்ஸ்களில் அது அசையாத கமராவில் தானே ஆட்டத்தை உண்டாக்கும். காலிமுகத்திடலில் காற்று ஓயாது. நடுக்கம்பியை உயர்த்த வேண்டாம், பையைக் கீழே கொழுவி அது நிலத்தைத் தொடும்படி விடுங்கள், தொங்கினால் ஊஞ்சலாடும். 2 செக்கன் டைமர் போடுங்கள். கழுத்துப் பட்டியைக் கழற்றுங்கள், காற்றில் அது படபடவென்று அடிப்பதே 1 செக்கன் படத்தைக் கெடுக்கப் போதும்.

நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் நீக்கி மெனுவில் இருந்தால் நிறுத்துங்கள். அது போட்டிருந்தால் 8 செக்கன் படத்துக்குப் பிறகு இன்னொரு 8 செக்கன் மூடிய ஷட்டரோடு இன்னொரு படம் எடுத்துக் கழிக்கும். 30 செக்கனுக்குள் அதன் பயன் குறைவு, ஆனால் உங்களுடைய பத்து நிமிடத்தில் பாதி அதற்குப் போய்விடும்.

ஃபோகஸ்: வெளிச்சம் இருக்கும்போதே கோபுரத்தில் ஃபோகஸ் பண்ணி, லென்ஸை மெனுவல் ஃபோகஸுக்கு மாற்றி அப்படியே விடுங்கள். சூம் வளையத்தைத் தொட்டால் திரும்பப் பார்க்க வேண்டும், 18–55 இல் சூமோடு ஃபோகஸும் நகரும்.

வெள்ளவத்தை அலை · இரவு 11.10

கடல் பக்கம் நிக்கிறவைக்கு இன்னொரு தொல்லை. தென்மேற்குப் பருவக்காற்று நேரம் அலைத்தூறல் கண்ணுக்குத் தெரியாமலே லென்ஸில படியும். உப்பு காய்ஞ்சால் விளக்கைச் சுற்றி பால் போல ஒரு புகை வரும், கறுப்பு கறுப்பாக இராது, நிறம் எல்லாம் கழுவுப்பட்ட மாதிரி. செட்டிங்கை மாற்றிக்கொண்டே இருப்பியள், குறை கண்ணாடியில. காய்ஞ்ச துணியால தேய்க்காதேங்கோ, உப்புப் பரல் கோட்டிங்கைக் கீறும். முதல் புளோவரால ஊதி, பிறகு லென்ஸ் திரவம் நனைச்ச துணியால மெல்லத் துடையுங்கோ.

யூவி பில்டர் தூறலைத் தடுக்கும், ஆனால் இருட்டில விளக்கின்ர பிம்பம் பில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவில தெறிச்சு, படத்தின்ர மறுபக்கம் பச்சைப் பொட்டாக விழும். அலை பார்க்கும்போது பில்டரோட, கோபுரத்தைப் பார்க்கும்போது கழற்றி. ஏசிக் காரில இருந்து இறங்கினால் கண்ணாடியில பனி பிடிக்கும். பையைத் திறக்காமல் இருபது, முப்பது நிமிஷம் வெளிச்சூட்டில வைச்சிருங்கோ. நீல நேரமே இருபது நிமிஷம் எண்டால் எப்ப வந்து இறங்க வேணுமெண்டு நீங்களே கணக்குப் பாருங்கோ.

பின்னேர மழைக்குப் பிறகு நனைஞ்ச ரோட்டில விழுகிற நிறம் எனக்கு எல்லாத்தையும் விட விருப்பம். அதுக்குப் போலரைசர் போடாதேங்கோ. அது தெறிப்பை எடுத்துப்போடும், வெளிச்சத்திலயும் ஒண்டு இரண்டு ஸ்டாப் தின்னும்.

பயணி 138 · இரவு 11.24

ட்ரைபொட், கமரா ஒன்றும் இல்லை. ஃபோனில் இந்த நிறத்தை எடுக்க முடியுமா? வெசாக் நேரம் கடதாசி விளக்குக் கூடுகளை எடுத்தால் எல்லாம் வெள்ளை உருண்டை.

கொழும்பு-11 · இரவு 11.41

முடியும். விளக்கின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். பிறகு சூரியன் அடையாளத்தைக் கீழே இழுத்து, விளக்கில் நிறம் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். நைட் மோட் பல படங்களைச் சேர்த்து இருட்டைத் தூக்கும். அந்தியின் நீலம் அதில் பகல் மாதிரி ஆகிவிடும், ஆகவே நிறுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள். புரோ மோட் இருந்தால் அதில் வைட் பலன்ஸை 4500 இல் நிறுத்தலாம்.

வெசாக் கூட்டில் கடதாசிக்குள் பல்ப் இருக்கிறது, கடதாசியின் நிறம்தான் உங்களுக்கு வேண்டும். கடதாசிக்கு அளவுங்கள், சுற்றுப்புறம் இருளட்டும். கமராவில் என்றால் எஃப் 2.8, 1/60, ஐஎஸ்ஓ 800 க்கும் 1600 க்கும் இடையில் தொடங்கலாம். காற்றில் கூடு ஆடும், அதனால் 1/60 க்குக் கீழே போகாதீர்கள். ஓடி ஓடி எரியும் பல்ப் போட்ட பெரிய பந்தல்களுக்கு எதிர்மாறு. 1/60 இல் பாதி பல்ப் அணைந்திருக்கும், படத்தில் பந்தல் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். ட்ரைபொட்டில் ஒரு சுற்று ஓடி முடியும் நேரத்துக்கு, 1 அல்லது 2 செக்கன், எஃப் 11 க்கு மூடி எடுங்கள்.

கொழும்பு மூன்று · இரவு 11.55

நாளைக்கு வாவிப் பக்கம் போகிறேன். ட்ரைபொட் ஒன்று இரவல் கிடைத்தது. றோ, நியூட்ரல், 4300 கெல்வின், ஐஎஸ்ஓ 100, எஃப் 8, மெனுவல். சூரியன் மறைந்து பத்தாவது நிமிடம் 1/2 செக்கனில் தொடங்கி, ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம் பார்த்துப் பார்த்துக் கூட்டுவேன். பாதுகாப்புக்கு, ஒரே காட்சியை மூன்று வெளிச்ச அளவில் எடுக்கும் −2, 0, +2 பிரக்கெட்டிங்கும் போடட்டுமா?

ஒளிமானி · நள்ளிரவு 12.08

போடுங்கள், ஆனால் 0 ஐ விளக்குக்கு வைத்துவிட்டு 0, +1, +2 என்று நகர்த்துங்கள். −2 இல் உங்களுக்குப் பிரயோசனமான ஒன்றும் இராது. +2 படத்தில் தண்ணீரும் கரை மரங்களும் இரைச்சல் இல்லாமல் கிடைக்கும், பிறகு அந்தப் பகுதியை மட்டும் எடுத்து அடிப் படத்தோடு சேர்க்கலாம். கோபுரத்து விளக்கு நிறம் மாறிக்கொண்டே இருக்கும், மூன்று படமும் மூன்று நிறத்தில் விழுந்தால் சேர்க்கும்போது கோபுரத்தை 0 படத்திலிருந்து மட்டும் எடுங்கள். நிறம் மாறும் நடுவில் 4 செக்கன் ஷட்டர் திறந்திருந்தால் இரண்டு நிறம் கலந்து அழுக்காகும். ஒரு நிறம் வந்து நின்றதும் அழுத்துங்கள், ஷட்டர் நேரம் கூடிவிட்டால் ஐஎஸ்ஓவை 200 ஆக்கி நேரத்தைப் பாதியாக்குங்கள்.

2 செக்கன் டைமரோடு பிரக்கெட்டிங் போட்டால் சில கமராக்கள் ஒரே அழுத்தில் மூன்றையும் எடுக்கும், சில ஒவ்வொன்றுக்கும் அழுத்தக் கேட்கும். உங்களுடையது எது என்று இன்றிரவே வீட்டில் மேசை விளக்கை வைத்துப் பார்த்துவிடுங்கள்.